மாஜோங் தாளில் சந்திரிகா டீச்சர்

தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் சந்திரிகா டீச்சர் காட்சிக்கலைப் பாடம் எடுத்து வந்தாள். மற்ற ஆசிரியர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய பாடத்தை யாரும் அவள் தலையில் கட்டவில்லை. அவளே கேட்டு வாங்கியது. "பிள்ளைங்க பாட்டுக்கு வரைஞ்சிக்கிட்டு இருக்கும், டீச்சருக்கு என்னா வேலை?" என்று ஆசிரியர் அறையில் யாராவது சொல்லும்போது அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள். ஒரு பாடத்துக்குப் பின்னால் என்னென்ன இருக்கிறது என்று அவர்களிடம் விளக்க மாட்டாள். காப்பிக்கடை சீனரிடம் சொல்லி வைத்து முட்டை அட்டைகளை வாங்கி வருவாள். கீழ்வீட்டு முடிதிருத்துகிறவர் பழைய பத்திரிகைகளைக் கட்டி வைத்திருப்பார். தீர்ந்துபோன சவர்க்காரப் புட்டிகளைக் கழுவி, நுரை போகும்வரை மறுபடியும் கழுவி, குளியலறை ஜன்னலில் வரிசையாகக் கவிழ்த்து வைப்பாள். அவை மறுநாள் வகுப்பில் யானையாகும், ராக்கெட்டாகும், சிலது ஒன்றுமே ஆகாமல் நசுங்கும்.

கணக்கு வாத்தியார் தயாளன் மட்டும் அடிக்கடி வந்து நிற்பார். "அக்கா, சோதனை வருதுலா. இந்த வாரம் ஒரு பீரியட் குடுத்துடுங்களேன்."

"உங்க பாடத்தை நான் ஒருநாளாவது கேட்டிருக்கேனா தம்பி?" என்பாள். பிறகு கொடுத்துவிடுவாள்.

அவள் கணவர் ஜெயராஜ் பெருநிலப் பக்கம் ஜுருவில் பழைய கார்களை வாங்கி விற்கும் கடையில் வேலை செய்தவர். பாயா தெருபோங் மலையடிவாரத்தில் இருந்த அவர்களுடைய அடுக்குமாடி வீட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பிக் கடற்பாலத்தைக் கடந்து போவார், இருட்டியபின் வருவார். பிள்ளைகள் இல்லை. அதற்காகக் கொஞ்ச காலம் மருத்துவமனைகளுக்கு அலைந்தார்கள், பிறகு கோயில்களுக்கு, பிறகு இரண்டையும் விட்டார்கள். அதற்கப்புறம்தான் அவர் வாரத்தில் ஓரிரு நாள் வராமல் இருக்க ஆரம்பித்தார். பாலத்தில் ஜாம், நண்பன் வீட்டில் படுத்துக்கொண்டேன் என்றார். ஜாம் மாதக்கணக்கில் நீடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, "நான் அந்தப் பக்கமே இருந்துக்கிறேன் சந்திரிகா" என்றார்.

"யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த பிறகும் துண்டைக் கீழே வைக்கவில்லை. அவளுக்குப் பதில் புரிந்துவிட்டது. சண்டை வரும் என்று அவர் பயந்திருப்பார். அவளும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தாள். ஆனால் வாயைத் திறந்தபோது, "குடை எடுத்துக்குங்க, வானம் இருட்டிக்கிட்டு வருது" என்றுதான் வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஆலிஸ் டீச்சர், "என்னா சந்திரிகா, முகமே சரியில்ல? வீட்டுல சார் நல்லா இருக்காரா?" என்று கேட்டார். ஆலிஸ் அவளைவிட மூத்தவர், ஆங்கிலம் எடுப்பவர், யாரிடமும் கரிசனமாகப் பேசுபவர். அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால், "நல்லா இருக்காரு அக்கா. வேலைதான் ஜாஸ்தி" என்றாள்.

ஒரு பொய் தனியாக நிற்காது. அதைத் தாங்கிப் பிடிக்க இன்னொன்று, அதற்குக் கீழே முட்டுக் கொடுக்க வேறொன்று. பள்ளி விருந்துக்கு ஜெயராஜ் வராததற்குக் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. தீபாவளிக்கு லிட்டில் இந்தியாவில் முறுக்கு வாங்கி டின்னில் போட்டு எடுத்துப்போய், "அவருக்கு முறுக்குன்னா உயிரு, நானே சுட்டேன்" என்றாள். ஒருநாள் கொம்தார் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஆலிஸோடு துணிக்கடைக்குப் போனபோது ஆண்கள் பகுதியில் நின்று நீலச்சட்டை ஒன்றைக்கூட எடுத்தாள். "இந்தக் கலர் அவருக்கு எடுக்குமா அக்கா?" என்று கேட்டாள். ஆலிஸ் சட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, "எடுக்கும். மாநிறத்துக்கு நீலம் நல்லாத்தான் இருக்கும்" என்றார். அந்தச் சட்டை விலைச்சீட்டோடு அலமாரியில் தொங்கியது.

பள்ளி முடிந்து பேருந்தில் ஏறி, பதினோராவது மாடியில் மின்தூக்கி திறந்து, கதவைப் பூட்டிக்கொண்டால் அடுத்த நாள் காலை "வணக்கம் டீச்சர்" என்று பிள்ளைகள் இழுத்துப் பாடும்வரை அவளுக்குக் குரல் தேவைப்படாது. வெள்ளிக்கிழமை மாலையோடு முடிந்த பேச்சு திங்கட்கிழமைதான் திரும்ப வரும். சில திங்கட்கிழமைகளில் முதல் வார்த்தை தொண்டையில் சிக்கிக் கரகரத்தது. அதனால் ஞாயிறு மாலைகளில் மீதி வண்ணங்களைக் கலந்து பார்த்தபடி நிறங்களின் பெயர்களை உரக்கச் சொல்லிக்கொள்வாள்.

அந்த ஆண்டு இறுதிக் கண்காட்சிக்கு இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்காக ஒரு பெரிய வேலையை யோசித்தாள். தலைப்பு 'நான்'. மாஜோங் தாள் எனும் ஆளுயர வெள்ளைத் தாளைத் தரையில் விரித்து ஒரு பிள்ளை அதில் படுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பிள்ளை மார்க்கர் பேனாவால் உடம்பைச் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். பிறகு மாற்றிப் படுக்க வேண்டும். கோட்டுக்குள் அவரவர் உடுப்பு, முகம், முடி. நெஞ்சுப் பகுதியில் வீட்டில் கூட இருப்பவர்கள்.

வகுப்பு இரண்டிரண்டாகப் பிரிந்தது. கூச்சலும் சிரிப்புமாக எல்லாரும் தரையில் உருண்டார்கள். காமினி மட்டும் தன் தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேள்வி கேட்டே ஆளைக் களைப்பாக்குகிற பெண். மற்ற பிள்ளைகள் அவளுக்கு ஜோடி சேரத் தயங்குவார்கள். அன்று வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஒற்றைப்படையாகிவிட்டது.

"படு, உன்னை நான் வரைஞ்சி விடுறேன்" என்றாள் சந்திரிகா. காமினி படுத்தாள், எழுந்தாள், தன் உருவத்தைப் பார்த்துத் திருப்தியானாள். பிறகு, "இப்ப நீங்க படுங்க டீச்சர்" என்றாள்.

"நான் எதுக்கு?"

"மாத்திப் படுக்கணும்னு நீங்கதான சொன்னீங்க."

சேலை கட்டிய நாளாக இருந்திருந்தால் முடியாது என்றிருப்பாள். அன்று பாஜு குரோங், தொளதொளவென்ற நீளச் சட்டையும் பாவாடையும். மற்ற பிள்ளைகள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு தாள்களை ஒட்டி நீளமாக்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாகப் பாடம் எடுத்த வகுப்பைக் கீழிருந்து அவள் பார்த்ததே இல்லை.

பேனா காதோரத்தில் தொடங்கித் தோளில் இறங்கியது. "ஆடாதீங்க டீச்சர்" என்று அதட்டினாள் காமினி. விரல்களுக்கிடையில் கோடு போடும்போது ஒவ்வொரு விரலையும் தன் சின்னக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிசுபிசுப்பான, சூடான கை. கடைசியாகத் தன்னை ஒருவர் தொட்டது எப்போது என்று சந்திரிகாவுக்கு யோசனை வந்தது. தடுப்பூசி போட்ட தாதியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. கண்ணோரத்தில் ஈரம் சேர்ந்து காதுப்பக்கம் வழிந்தது. மின்விசிறிக் காற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

கோடு முடிந்தது. "டீச்சர், உங்க வீட்டுல யாரு இருக்கா? நெஞ்சுல வரையணும்."

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தரையில் மல்லாந்து கிடந்துகொண்டு, தலைக்கு மேல் குனிந்திருக்கும் அந்த முகத்திடம் சரக்குக் கணக்கெடுப்பையும் ஜாமையும் சொல்ல முடியவில்லை.

"நான் மட்டும்தாம்மா."

"ராத்திரியிலயுமா?"

"ராத்திரியிலயும்."

"பேசணும்னா யாருகிட்ட பேசுவீங்க?"

"பேச மாட்டேன்."

காமினி சற்று யோசித்தாள். அதில் பரிதாபம் எதுவும் தெரியவில்லை. தீர்க்க வேண்டிய கணக்குபோல எடுத்துக்கொண்டாள். பிறகு போய்த் தூரிகையை எடுத்து வந்தாள். அந்தப் பாடவேளையின் முடிவில் பெரிய சந்திரிகாவின் நெஞ்சில் ஒரு குட்டிச் சந்திரிகா நின்றுகொண்டிருந்தாள். அதே கொண்டை, அதே கண்ணாடி. "உள்ள ஒரே ஆள்தானே டீச்சர். அதான் உங்களையே வரைஞ்சிட்டேன்."

கண்காட்சி நாளில் அந்தத் தாள்கள் நடைபாதைச் சுவர் முழுக்கத் தொங்கின. பெற்றோர்கள் தங்கள் பிள்ளையைத் தேடி, கண்டுபிடித்து, பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பிள்ளைகளின் நெஞ்சுகளில் அம்மா, அப்பா, தம்பிப் பாப்பா, பூனை, ஒருவன் நெஞ்சில் தொலைக்காட்சிகூட. காமினியின் அப்பாவும் அம்மாவும் வேலை முடிந்து வரவில்லை. அவள் டீச்சரின் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னாள்.

ஆலிஸும் தயாளனும் அங்கே வந்தபோது சந்திரிகா கொஞ்சம் தள்ளி, கழன்ற தாள் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இது சந்திரிகா டீச்சர்" என்று உரக்கச் சொன்னாள் காமினி. "டீச்சர் வீட்டுல யாருமே இல்ல. ராத்திரியிலயும் தனியாதான் இருப்பாங்க. யாருகிட்டயும் பேச மாட்டாங்க."

தயாளன் தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார். ஆலிஸ், "கலர் ரொம்ப நல்லா இருக்கு காமினி" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார். அவர்கள் முகத்தில் திடுக்கிடலே இல்லை. சந்திரிகா அதைக் கவனித்துவிட்டாள்.

எல்லாரும் போனபின் பொருளறையில் அவள் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போது ஆலிஸ் வந்து கதவருகில் நின்றார்.

"எங்களுக்குத் தெரியும் சந்திரிகா."

"என்னா தெரியும்?"

"தயாளன் ஜுருவுக்குப் பழைய காடி பாக்கப் போனப்ப ஜெயராஜைப் பாத்திருக்காரு. அந்தப் பொம்பளையும் கூட இருந்தாங்களாம். அது ஆச்சு ரொம்ப நாளு."

குழாய் திறந்தபடியே இருந்தது. "நாம சட்டை வாங்கப் போனோமே, அப்ப?"

ஆலிஸ் உள்ளே வந்து குழாயை மூடினார். "அப்பவும் தெரியும்" என்றார். "நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தோம். உங்க மனசு நோகக்கூடாதுன்னு."

பாரம் இறங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சந்திரிகாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. வெளிச்சத்துக்கு நேராகச் சட்டையைப் பிடித்துப் பார்த்த ஆலிஸின் முகம் கண்முன் வந்தது. முறுக்கைக் கடித்து, "நல்லா மொறுமொறுன்னு இருக்குக்கா" என்ற தயாளனும் வந்தார். அத்தனை பேரும் அன்பாகத்தான் இருந்திருக்கிறார்கள். அந்த அன்புக்கு நடுவில் அவள் மட்டும் ஒண்டியாக நின்று நடித்திருக்கிறாள். "நீங்க போங்க அக்கா, நான் பூட்டிட்டு வரேன்" என்றாள். அதற்குப் பிறகு பல நாட்கள் கேன்டீனுக்குப் போகாமல் கலையறையிலேயே சாப்பிட்டாள்.

கோபம் மெல்லத் தணிந்தது. தணிந்தபோதுதான் அதில் பாதி ஜெயராஜ் மேல் வந்திருக்க வேண்டிய கோபம் என்பது அவளுக்குப் புரிந்தது. அவர் ஏதோ வீட்டு வரி விஷயமாகத் தொலைபேசியில் அழைத்தபோது, "இனிமே எதுன்னாலும் வக்கீல் வச்சிப் பேசிக்கலாம்" என்றாள். "சரி" என்றார் அவர். அவ்வளவு சுலபமாக அவர் சரி என்றதுதான் அன்று முழுக்க வலித்தது.

ஆண்டு முடிவில் காமினியின் குடும்பம் அப்பாவின் தொழிற்சாலைக்கு அருகில் இருப்பதற்காகப் பெருநிலத்துக்கு வீடு மாறியது. சான்றிதழ் வாங்க அம்மாவோடு வந்தவள் புதுச்சட்டையில் வெட்கப்பட்டு, அம்மாவின் பின்னால் மறைந்துகொண்டாள். தன் படத்தை மட்டும் சுருட்டி வாங்கிக்கொண்டாள். டீச்சரின் படத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பட்டர்வொர்த்தில் கப்பல் பார்க்கலாமாம், அதைத்தான் சொன்னாள். எட்டு வயதுக்கு அவ்வளவுதான் நினைவிருக்கும் என்று சந்திரிகாவுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் வாசல்வரை போய் நின்றாள். மாஜோங் தாள் எப்போதும் பற்றாக்குறை. அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் விரல் ஓவியத்துக்குத் தன் படத்தின் பின்பக்கத்தைத்தான் வெட்டிக் கொடுத்தாள்.

அதற்கு முன் கிறிஸ்துமஸ் வந்தது. புலாவ் தீக்குஸில் இருந்த தன் வீட்டுக்கு ஆலிஸ் கூப்பிட்டார். "காரணம் சொல்லாம வாங்க" என்று மட்டும் சொன்னார். சந்திரிகா போனாள். கோலாலம்பூரிலிருந்து மகள் நடாஷா வந்திருந்தாள், மருமகன், அண்ணன் குடும்பம், பியானோ, கோழிக்கறி, ஒரே சிரிப்பு. எல்லாரும் அவளை நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள். பழைய சேதி ஒன்றைச் சொல்லி அவர்கள் ஒருசேரச் சிரித்தபோது அதன் முன்கதை தெரியாமல் அவளும் சிரித்தாள். வீட்டில் தனியாக இருந்ததைவிட அந்த நிமிடத்தில்தான் அவள் அதிகம் தனியாக இருந்தாள். மூன்று மணிக்கெல்லாம் எழுந்துவிட்டாள்.

ஆலிஸ் தடுக்கவில்லை. வாசலில் சாப்பாட்டுப் பொட்டலங்கள் இருந்த ஒரு பையைக் கையில் திணித்தார். "தாப்பாவ் பண்ணியிருக்கேன். சூடா இருக்கு, பாத்து."

"நான் சீக்கிரம் போறேன்னு தப்பா நினைக்காதீங்க அக்கா. முடியல, அதான்."

"தெரியுது. முடியலன்னு சொன்னீங்களே, அது போதும்."

பேருந்தில் பை மடியில் வெதுவெதுப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்தாள். தனி ஆளுக்கு எதற்கு மேசை என்று கொஞ்ச காலமாக அடுப்படியிலேயே நின்றபடி சாப்பிட்டுப் பழகியிருந்தாள். அன்று மேசை மேலிருந்த முட்டை அட்டைகளையும் புட்டிகளையும் ஒதுக்கி இடம் பண்ணி, ஒரு தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை தொடங்கியிருந்தது. கறியில் உப்புக் கொஞ்சம் தூக்கல். "உப்பு கூடிப்போச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மெதுவாக, முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள்.