நாலாவது கியர் போட ஓர் இடம்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் ஊர் மேல் இருந்த ஒரே குறை, அது சின்ன ஊர் என்பதுதான். காரைக்காலில் பிறந்து, காரைக்காலிலேயே படித்து, ஓர் அரசாங்க அலுவலகத்தில் ஜீப் டிரைவராகக் காரைக்காலையே சுற்றிச் சுற்றி வந்தவர் வாயிலிருந்து இது வரும். "புல்லட்டுக்கு மூணாவது கியர் வரைக்கும்தான் நம்ம ஊரு. நாலாவது போட்டா தமிழ்நாடு வந்துடுது" என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். முதல் பத்துத் தடவை நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த புல்லட் எங்களுக்குக் கல்யாணமான புதிதில், எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா ஒருவர் வைத்திருந்த வண்டி. அவர் மகனோடு பிரான்சுக்கே போய்விட, வண்டி இவர் கைக்கு மாறியது. அப்போதே அது பழசு. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு முன்னால் கிணற்றடியில் அதற்குத்தான் முதல் குளியல், அப்புறம்தான் எங்களுக்கு. பிள்ளை குட்டி இல்லாத வீடு, வண்டியாவது குளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். நாள் முழுக்கப் பேசியே பிழைக்கிறவள், வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் மட்டும் வாய் சும்மா இருக்குமா? "மாடு வருது." "சைக்கிள்காரன் திரும்புறான், பாத்து." "எடதுல பள்ளம்." திருநள்ளாறு போனாலும் சரி, திருவேட்டக்குடிக்கு மீன் வாங்கப் போனாலும் சரி, இறங்குகிற வரைக்கும் இதுதான். "ஏம்மா, ஒனக்கு வாயே வலிக்காதா?" என்று அவர் சலித்துக்கொள்வார். எண்பது, எண்பத்தொன்று வாக்கில் அந்தச் சலிப்பு நின்றுபோனது. மனுஷனுக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏறத்தாழ அதே சமயத்தில்தான் வண்டிக்கு இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார். லாரிக்கு மாட்டுகிற அளவு. தெருவில் கேலி தாங்கவில்லை. எதிர்வீட்டு அக்கா, "ஒங்க வீட்டு வண்டி சீவி சிங்காரிச்சிக்கிட்டுத்தான் கெளம்புமோ?" என்று கேட்டார். இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

என் கொழுந்தன் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அவனோடு வேலை செய்யும் பையன்களுக்கு மோட்டார் சைக்கிள் பந்தயப் பைத்தியம். கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வந்தவன் அதைப் பற்றியே பேசினான். சென்னைக்கு வடக்கே வெள்ளைக்காரன் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறதாம். பந்தயத்துக்கு முன்னால் ஒருநாள், ரோட்டில் ஓட்டுகிற சாதா வண்டிகளையும் அதில் விடுவார்களாம். எதிரே பஸ் வராது, மாடு வராது, சைக்கிள் வராது. "நீயும் கொண்டாயேண்ணே" என்றான். அவன் சும்மாதான் சொன்னான். இவர் அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

போவது என்று முடிவானதும், "நீங்க போயிட்டு வாங்க, எனக்கென்ன அங்க வேலை?" என்றேன். "நீ வரலன்னா நானும் போவல" என்றார். பத்து வருஷத்துக்கு மேலாகக் குடித்தனம் பண்ணிய பிறகு புருஷன் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பூரிக்காது? கூச்சமாகக்கூட இருந்தது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று அத்தனை தூரமும் பின்னால் உட்கார்ந்து கத்திக்கொண்டே போனேன். பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் இருந்தது. "லைட்டு சரியில்ல, இங்கயே தங்கிடுவோம்" என்று சொந்தக்காரர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டார். முந்தின வாரம்தான் லைட்டுக்குப் புது பல்பு போட்டிருந்தார். மனுஷனுக்கு இடுப்பு வலி போலிருக்கிறது என்று நான் அதைக் கிளறவில்லை.

ஓடுதளம் என்பது பொட்டல். காய்ந்த புல், நடுவில் வெடிப்பு விட்ட சிமெண்டுத் தரை, திருப்பங்களில் தார் டிரம்மும் வைக்கோல் கட்டும். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. சென்னைப் பையன்கள் தோல் சட்டையும் பூட்சுமாக நின்றார்கள். இவருக்குக் கொழுந்தன் ஒரு தோல் சட்டை இரவல் வாங்கி வைத்திருந்தான். அது தொப்பையைத் தாண்டி மூட மறுத்தது. நாற்பத்தெட்டு வயதுக்காரர், சின்ன உறைக்குள் திணித்த தலையணை மாதிரி நின்றார். நான் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

முதலில் வண்டியைப் பரிசோதித்தார்கள். ஓர் இளைஞன் சுற்றி வந்து, ஹெட்லைட்டுக்கு டேப் ஒட்டச் சொன்னான், ஸ்டாண்டைக் கழற்றச் சொன்னான், பெட்டியைக் கழற்றச் சொன்னான். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், கண்ணாடியைக் கழற்றச் சொன்னதும் மறித்துக்கொண்டார்.

"கண்ணாடி இல்லாம எப்படிங்க? பக்கத்துல வர்றவன எப்படிப் பாக்குறது?"

"விழுந்தா ஒடைஞ்சு டிராக் பூரா கண்ணாடி ஆயிடும் சார். பக்கத்துல யாரையும் நீங்க பாக்க வேணாம். முந்துறவன் பாத்துக்குவான். நீங்க நேரா பாத்து ஓட்டுங்க, போதும்."

"நேரா பாத்தா போதுமா?"

"போதும் சார்."

அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கடன் தள்ளுபடியான விவசாயி முகம். ஸ்பானரை வாங்கித் தானே கண்ணாடிகளைக் கழற்றி என் மடியில் கொடுத்தார். பின்னால் ஆள் ஏறக்கூடாது என்பதால் நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

முதல் சுற்று ஜீப்பில் ஆபீசரை ஏற்றிக்கொண்டு போகிற வேகம்தான். இரண்டாவது சுற்றில் நீண்ட நேர்ப்பாதையில் வண்டி எங்களைக் கடந்தபோது சத்தமே மாறியிருந்தது. அத்தனை வருஷம் அதில் உட்கார்ந்து போயிருக்கிறேன், அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. "அண்ணி! நாலு போட்டுட்டாரு!" என்று கொழுந்தன் குதித்தான். திருப்பங்களில் எல்லோரும் அவரை முந்தினார்கள். நேர்ப்பாதையில் இவர் தோள் குனிந்து, தலை அசையாமல், கோடு போட்டதுபோல் போனார். ஒரு சுற்றில் ஒருவனை முந்தவும் செய்தார். நான் கை தட்டினேன். எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அப்புறம் கோடித் திருப்பத்தில் ஒருவன் விழுந்தான். ஓரங்களில் நின்றவர்கள் சிவப்புக் கொடியை ஆட்டினார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து, கை தூக்கி, உள்ளே வந்தன. எங்கள் வண்டி மட்டும் வரவில்லை.

அத்தனை பெரிய பொட்டலில் ஒற்றை வண்டி. ஒரு சுற்று வரைக்கும் கூட்டம் சிரித்தது. "பெருசு கட்டுன காசு பூரா கழிச்சுட்டுத்தான் எறங்கும்" என்றான் ஒருத்தன். கொடிக்காரர் ஓரத்தில் இருந்து குதித்துக் குதித்து ஆட்டினார். கொடித்துணி தோளில் படாத குறையாக, அதன் பக்கத்திலேயே இவர் போனார். தலை திரும்பவில்லை. விழுந்தவனை ஏற்றிவர வேன் அதற்குள் தளத்தில் இறங்கிவிட்டது. கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன். புருஷன் பேரை வாய் விட்டுச் சொன்னதே அன்றைக்குத்தான்.

கோடித் திருப்பத்தில் இரண்டு பேர் விழுந்தவனைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை உரசுகிற மாதிரி வண்டி போயிற்று. ஒருத்தன் பிடியை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அதற்கடுத்து வேன், நேர் எதிரே நின்றது. அதை மட்டும் பார்த்தார். பிரேக் போட்டார். வண்டி இழுத்துக்கொண்டு போய்ச் சாய்ந்தது, அவர் எழுந்து நின்றார். ஒரு சிராய்ப்புகூட இல்லை.

கொடிக்காரர் ஓடிவந்து சட்டையைப் பிடித்தார். நாங்களும் ஓடினோம்.

"யோவ், இன்னாய்யா நீ? கண்ணு தெர்லயா, இல்ல ஊத்திக்கினு வந்தியா? எந்த ஊரு?"

"காரைக்கால்."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். வெளியூர்க்காரர்களுக்குக் காரைக்கால் என்றால் இரண்டுதான் தெரியும்: ஒன்று சனீஸ்வரன், இன்னொன்று சரக்கு. தெருவுக்குத் தெரு கடை இருக்கிற ஊரில், என் மாமனாரைச் சாராயத்துக்குப் பறிகொடுத்த நாளில் மாதா கோயிலில் முழங்கால் போட்டுச் சத்தியம் செய்தவர் இவர். எங்கள் கல்யாண விருந்தில் மாப்பிள்ளை கிளாசில் இருந்தது எலுமிச்சைச் சாறு. ஊருக்கே தெரியும். அதைச் சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன்.

"ஆமாங்க. காலைல கொஞ்சம் போட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றார் இவர்.

"அண்ணே, நீயா?" என்றான் கொழுந்தன். இவர் யாரையும் பார்க்காமல் வண்டியை நிமிர்த்தினார். இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

காலையில் அவர் சாப்பிட்டது என் கண் முன்னால் நாலு இட்லி. பாண்டிச்சேரியில் இருந்து ஒரு நிமிஷம் என்னை விட்டு விலகவில்லை. எனக்கு ஒன்றும் புரியாமல், குடத்தில் இருந்து தண்ணீர் மொண்டு அவர் தோளுக்குப் பக்கவாட்டில் நின்று நீட்டினேன். வாங்கவில்லை. கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். கை வலிக்க நீட்டிக்கொண்டே நின்றேன். "அண்ணே, அண்ணி தண்ணி வெச்சிக்கிட்டு நிக்கிறாங்க" என்று கொழுந்தன் சொன்ன பிறகு, முழுத் தலையையும் திருப்பி, என் முகத்தைப் பார்த்து, அப்புறம் டம்ளரைப் பார்த்து வாங்கினார்.

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணாடி எதற்கு, பாண்டிச்சேரியில் ஏன் தங்கினோம், என் வாயைப் பற்றி ஏன் சலித்துக்கொள்வதில்லை, நீ வராவிட்டால் போகவில்லை என்றது எதனால். ஆசையாம், ஆசை! எனக்கு வந்த ஆத்திரத்தில் டம்ளரைப் பிடுங்கி எறியத் தோன்றியது.

"வண்டி இங்கயே இருக்கட்டும். நாம பஸ்ல போறோம்" என்றேன். சாவியைத் தம்பியிடம் கொடுத்தார்.

மறுநாள் பஸ்ஸில் செங்கல்பட்டு தாண்டும்வரை நான் வாயே திறக்கவில்லை. அப்புறம் கேட்டேன்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷம் இருக்கும். நேரா நல்லாத் தெரியுதும்மா. பேப்பர் படிக்கிறேன்ல? ஓரம்தான் இருட்டிக்கிட்டு வருது."

"டாக்டர்ட்ட காட்டுனா என்ன?"

"எழுதிடுவான். ஜீப்பு போயிடும்."

"இப்ப எப்படி ஓட்டுறீங்க?"

"நம்ம ஊர்தானே. ரோடு பூரா மனசுல இருக்கு."

"ரோடு மனசுல இருக்கும். குறுக்க ஓடிவர்ற புள்ளைங்களும் மனசுலயா இருக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் மணி அடித்ததும் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் குறுக்கே ஓடுவது அவர் ஜீப் போகிற அந்த ரோட்டில்தான். "யார்ட்டயும் சொல்லிடாத" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இவர் உண்மையிலேயே குடித்திருக்கக் கூடாதா மாதாவே என்று வேண்டிக்கொண்டு வந்தேன். ஒரு பெண்டாட்டி வேண்டிக்கொள்கிற வேண்டுதலா அது?

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அவருக்கு முன்னால் அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரியிடம், "அவருக்குக் கண்ணு ஓரம் தெரியலங்க, ஜீப் குடுக்காதீங்க" என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. இன்றைக்குச் சொல்லச் சொன்னாலும் அப்படியே சொல்வேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விடுங்கள் என்றார் டாக்டர். அலுவலகத்தில் ஃபைல் தூக்குகிற வேலைக்கு மாற்றினார்கள். ஜீப்புக்கு வேறு ஆள் வந்தார்.

ஒரு மாதம் போல அவர் என்னோடு பேசவில்லை. சமைத்ததைச் சாப்பிட்டார், மருந்து விட்டால் படுத்துக் கண்ணைக் காட்டினார், அவ்வளவுதான். ஒரு மத்தியானம் சொட்டு விட்டுவிட்டு நான் நகரும்போது, கண்ணை மூடியபடியே பேசினார்.

"ஆபீசுல குடிகாரன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"பைத்தியமா ஒங்களுக்கு? குடிகாரன்னு பேர் வாங்கறதுக்கா அத்தன வருஷம் வைராக்கியமா இருந்தீங்க?"

"குடிகாரன்னா கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சிருப்பான். அப்புறம் கூப்பிட்டுச் சாவியக் குடுத்திருப்பான்" என்றார். கன்னத்தில் வழிந்த மருந்தைப் புறங்கையால் துடைத்தார். "குடிச்சவனுக்குக் காலைல தெளிஞ்சுடும்டி."

நான் மருந்துக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை. மருந்து இறங்கட்டும் என்று கண்ணை மூடியபடியே படுத்திருந்தார்.