பழைய எழுத்துரு இல்லை என்று சொன்னவர்கள்

அடையாற்றுப் பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது டைப்பிங் அக்கா மூன்றாவது முறையாக அழைத்தார். ஈக்காட்டுத்தாங்கல் அலுவலகத்தை விட்டு இறங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. அந்த அலுவலகத்தின் பின்னறையில்தான் ஐந்து மாதமாகத் தூங்கினேன். அதனால் வேலை போனபோது வீடும் கூடவே போயிற்று. இரண்டும் சேர்ந்து ஒரு துணிப்பைக்கு மேல் தேறவில்லை.

“எங்க தம்பி இருக்க?”

“பாலத்துல நடந்துக்கினு இருக்கேன்க்கா.”

“எழுத்து கெடச்சுதா?”

“இல்லக்கா.”

“நாளைக்கு பத்து மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல டோக்கன்பா. பார்ட்டி கொட்டிவாக்கத்துலேர்ந்து வராங்க. பத்திரம் ரெடியாகலேன்னா மேசைய காலி பண்ணச் சொல்லிட்டாரு எங்க சார்.”

அவர் சார் என்றது பத்திரம் எழுதுபவரை. மயிலாப்பூரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே அவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அக்கா பதினெட்டு வருடமாகத் தட்டச்சு செய்கிறார். அந்த மேசை போனால் வேறு மேசை கிடையாது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இதற்கு முன் பந்தலுக்கு சவுக்கு நட்டிருக்கிறேன், கோடம்பாக்கத்தில் சினிமா லைட் தூக்கியிருக்கிறேன். ஈக்காட்டுத்தாங்கலில் நான்கு பேர் சேர்ந்து, விண்டோஸுக்குப் பதிலாகத் தமிழில் ஒரு லினக்ஸ் செய்துகொண்டிருந்தார்கள். சின்னக் கடைகளுக்கு அதை இலவசமாகக் கொடுத்தார்கள். பதிலுக்குக் கடைக்காரர்கள் குறை நிறை சொல்ல வேண்டும். பென் டிரைவை எடுத்துப் போய் இயங்குதளத்தை ஏற்றுவதும், அவர்கள் சொல்வதைப் படிவத்தில் எழுதி வருவதும் என் வேலை. ஏற்றுவது கஷ்டமில்லை. ‘அடுத்து’ என்று வரும் இடத்தில் எல்லாம் அழுத்த வேண்டும்.

மயிலாப்பூரில் அக்கா இருந்த வரிசையில், அவர் கடையோடு சேர்த்து ஏழு கடைகள். ஏழு கடையும் சொன்னதை அப்படியே எழுதினேன். “பொட்டி தொறக்கறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம்.” “சீட்டாட்டம் இல்ல.” “மொதல்ல வர்ற மலைப் படத்த எடுத்துட்டு முருகர் படம் போடு.” முதல் பதிப்பு, கணினியில் ஏற்கெனவே இருந்த விண்டோஸை ஓரமாக வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தது. அதனால்தான் மெதுவாக இருக்கிறது என்று அந்த நால்வரில் ஒருவரான இன்ஜினியர் சொன்னார். அடுத்த பதிப்பு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஏறுவது என்று முடிவாயிற்று. அதற்கு முன்னால் ஒரு கேள்வி மட்டும் கேட்டு வரச் சொன்னார்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு வருவதற்கு முந்தைய பழைய எழுத்துரு யாராவது வைத்திருக்கிறார்களா?

கழுத்தில் அடையாள அட்டையோடு, கையில் அட்டையில் செருகிய படிவத்தோடு போய்க் கேட்டேன். ஏழு கடையிலும் இல்லை என்றார்கள். ஏழு முறை ‘இல்லை’யில் டிக் போட்டேன். புதிய பதிப்பை ஏழு கணினியிலும் ஏற்றினேன். பத்திரக் கோப்புகளை மட்டும் தனியே எடுத்து வைத்துத் திரும்பப் போட்டேன். இது நடந்தது நேற்று. இன்று காலை அக்கா திறந்தபோது பதினாலு பக்கப் பத்திரமும் இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் புள்ளியுமாக நின்றது. புதிதாக அடித்தாலும் அப்படித்தான் வந்தது. துடைத்ததில் பழைய எழுத்துருவும் போயிருந்தது.

அலுவலகத்தில் சொன்னேன். இன்ஜினியர் படிவங்களை எடுத்து மேசையில் பரப்பினார்.

“இது யார் கையெழுத்து?”

“என்னுது சார்.”

“பழைய கோப்பை யூனிகோடுக்கு மாத்தற வசதி அடுத்த பதிப்புல வருது. ரெண்டு மாசம்.”

“நாளைக்கு காலைல வேணும் சார்.”

அவர் சிரித்தார். நான் பையை எடுத்தேன். வேலையை விட்டேனா, விடச் சொன்னார்களா என்று இரண்டு தரப்பும் பேசவில்லை.

பாலத்தில் நின்று அக்காவிடம் போனில் கேட்டேன். “பழைய ஃபான்ட் இல்லேன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?”

“நீ ஃபான்ட் கம்பெனிலேர்ந்து செக்கிங் வந்தேன்னு நெனச்சோம். ஏழு கடைலயும் ஒரே சிடிலேர்ந்து போட்டதுப்பா. ஆமான்னு எப்படிச் சொல்றது?”

“சிடி யார்துக்கா?”

அக்கா சொன்னார். தி. நகரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பாய். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அவர் லினக்ஸும் வேண்டாம் என்றார், எழுத்துருவும் இல்லை என்றார்.

அசோக் நகர், மாம்பலம் வழியாக நடந்தேன். பாய் கடை பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது.

“பழைய ஃபான்டா? அதெல்லாம் எங்கிட்ட இல்லியே நைனா.”

அவருக்குப் பின்னால் திரையில் அதே எழுத்துருவில் ஒரு பத்திரிகை திறந்திருந்தது.

“அது இன்னா பாய்?”

“அது கல்யாணப் பத்திரிக்க.”

“நான் கம்பெனிய வுட்டு வந்துட்டேன் பாய்.”

“கழுத்துல சீட்டு தொங்குது.”

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க மறந்திருந்தேன். கழற்றி, காகித வெட்டுகள் கிடந்த கூடையில் போட்டேன். அக்காவின் மேசையைப் பற்றிச் சொன்னேன். பாய் இழுப்பறையைத் திறந்து ஒரு சிடியை எடுத்தார். உறையோடு ரசீதும் சேர்த்துப் பின் அடித்திருந்தது.

“காசு குடுத்து வாங்குனது.”

“அப்ப ஏன் பாய் இல்லேன்னீங்க?”

“வாங்குனது நான் ஒருத்தன். வெச்சிக்கினு இருக்கிறது மயிலாப்பூர் மொத்தமும். உன்னாண்ட இன்னான்னு சொல்றது?” சிடியை என்னிடம் தரவில்லை. “பத்திரிக்க மடிக்கிற ஆள் ஊருக்குப் போயிட்டான். நாளைக்கு எட்டு மணிக்கு வரியா?”

“வரேன்.”

“மடிப்பியா, இல்ல அதுக்கும் ஒரு ஃபாரம் எடுத்துக்கினு வருவியா?”

“மடிக்கிறேன் பாய்.”

என் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார்.

மயிலாப்பூருக்கு பஸ்ஸில் போனேன். அக்கா கணினிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்திரம் எழுதுபவர் அக்காவுடைய பேனாக் குவளையையும் முத்திரை மைப்பெட்டியையும் ஏற்கெனவே தன் மேசைக்கு மாற்றிவிட்டிருந்தார். நான் எழுத்துருக்களை அவற்றுக்கான கோப்புறையில் போட்டுவிட்டுப் பத்திரத்தைத் திறந்தேன். தமிழ் வந்தது. அக்கா சொத்து விவரம் இருந்த பக்கத்துக்குப் போய், நான்கு எல்லையையும் சர்வே எண்ணையும் வாய்க்குள் படித்தார். பதினாலு பக்கம் பதினைந்தாகியிருந்தது. வரி இடைவெளியைக் குறைத்து மறுபடி பதினாலாக்கினார். பிறகு எழுந்து போய்த் தன் பேனாக் குவளையை எடுத்து வந்தார்.

“இன்னும் பார்ட்டி கையெழுத்து ஆவலியேம்மா,” என்றார் பத்திரம் எழுதுபவர்.

“ஆவும் சார்.”

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “தம்பி, எங்களுக்கு அந்த ஃபான்ட் கீன்ட் எல்லாம் தெரியாது. நீ சும்மா வந்து மிஷினப் பாரு.” மற்ற ஆறு கடைக்கும் போனேன். ஆறு பேரும் அந்த எழுத்துருவைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள். நான் அதை ஏற்றி முடிக்கும் வரை வாசலில் போய் நின்றுகொண்டார்கள்.

பறக்கும் ரயில் நிலையத்தின் படிக்கட்டில் படுத்தேன். கொசு இருந்தது, காற்றும் இருந்தது.

காலை எட்டு மணிக்கு பாய் கடைக்குப் போனேன். தரையில் கோணி விரித்து, அச்சான அட்டைகளை எனக்கு முன்னால் அடுக்கினார். மூலைக்கு மூலை வைத்து மடித்து, ஸ்கேலின் விளிம்பால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். இரண்டாவது முறை இழுத்தால் தங்க மை உதிரும். முதல் பத்து வீணாயிற்று. பாய் அவற்றை எண்ணாமல் கூடையில் போட்டார்.

பதினொன்றரைக்கு அக்கா அழைத்தார்.

“கையெழுத்து ஆயிடுச்சுப்பா. கைரேகையும் வெச்சிட்டாங்க.”

“மேசைக்கா?”

“மேசைலதான் உக்காந்திருக்கேன். அடுத்த பார்ட்டி நிக்குது, வெக்கிறேன்.”

“பேசிக்கினே மடிக்காத நைனா, கோணிக்கும்,” என்றார் பாய்.

போனைக் கீழே வைத்துவிட்டு அடுத்த அட்டையை எடுத்தேன்.