நானே உரித்த பழம்

வாழைப்பழம் தின்னாத தமிழ்ப் பெண் உண்டா என்று கேட்பார்கள். நான் இருந்தேன், பதினான்கு வருஷம். திருவிழாத் தட்டில் பழம் வந்தால் பக்கத்திலிருப்பவளிடம் தள்ளிவிடுவேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருந்த பெண்கள், "இவ போன பொறப்புல கொரங்கா இருந்து திகட்டத் திகட்டத் தின்னவ" என்று சிரிப்பார்கள். சொன்ன அழகுக்காக நானும் சிரிப்பேன். காரணம் மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

காரணம், வயிற்றுப் பூச்சிக்குக் கொடுக்கிற மருந்து. எனக்கு அப்போது ஆறு வயது. பெரியவர்கள் விடிகாலையில் வேலைக்கு வரிசை நிற்கிற பெரட்டுக் களத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பிள்ளைகளை நிறுத்தி, மருந்துக்காரர் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார். நான் வாயையே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு கிண்ணத்தில் பாலும் பழமும் பிசைந்து, "மருந்து வேணாம் கண்ணு, இதத் தின்னு" என்றாள். எங்கள் வீட்டில் தீபாவளிக்குக்கூட நடக்காத காரியம் அது. ஆவலாக வாயைத் திறந்தேன். மூன்றாம் வாயில் கசந்தது. அன்று முழுக்க வாந்தி. அம்மா மேல் இருந்த கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. பழத்தின் மேல் இருந்தது போகவில்லை.

இருபது வயதில் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். எங்களை வேலை வாங்குகிற கங்காணி தன் மச்சான் மகனுக்குக் கேட்டார். நான் மாட்டேன் என்றேன். தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை கவ்வாத்து வெட்டுகிறவர் ஒருவர் எங்கள் திருவிழாவுக்கு வந்திருந்தார். கட்டினால் அவரைத்தான் என்று அப்பாவிடமே சொன்னேன். வாய்க்காரி என்று இரண்டு தோட்டத்திலும் பேர் வந்தது. வரட்டுமே.

தாலி கட்டி முடிந்து, அவருடைய லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் எங்களைப் பாயில் உட்காரவைத்தார்கள். பொண்ணு மாப்பிள்ளைக்குப் பாலும் பழமும் கொடுக்கிற சடங்கு. எத்தனையோ கல்யாணத்தில் பக்கத்தில் நின்று பார்த்தவள்தான் நான். என் கல்யாணத்திலும் அது உண்டு என்று எனக்குத் தோன்றவேயில்லை, பாருங்கள்! மாமியார் கிண்ணத்தோடு வந்தார். அதே பிசைந்த பழம், அதே வாசனை. மாப்பிள்ளை மூன்று வாய் வாங்கிக்கொண்டார். என் முறை வந்ததும் பல் தானாகக் கிட்டிக்கொண்டது.

"வாயத் தொறம்மா."

"வேணாங்க அத்தை."

நாத்தனார்தான் தொடங்கினாள். "அண்ணே, மதினிக்கு மனசு இல்ல போல. கங்காணி வீட்டுப் பழமா இருந்தா எறங்குமோ என்னமோ!"

"கழுத்த நீட்டிட்டு வாயத் தொறக்க மாட்டேங்கிறாளே!" என்றாள் வாசலில் நின்ற ஒருத்தி. இன்றைக்கு அந்தப் பேச்சை நானே பத்துப் பேரிடம் ரசித்துச் சொல்வேன். அன்று உடம்பெல்லாம் எரிந்தது.

மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இஷ்டமில்லாட்டி மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

அப்பா முன்னால் நின்று இவரைத்தான் என்று சொன்னவள் நான். அந்தச் சொல் ஒரு கிண்ணம் பழத்தில் பொய்யாகப் போவதா? அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கவும் எனக்குச் சம்மதமில்லை.

"அத்தை, பிசைஞ்சது வேணாம். தோலோட ஒண்ணு குடுங்க."

"பொண்ணு தானே உரிச்சுத் திங்கிற வழக்கம் இல்லம்மா."

"இன்னைக்கு உண்டுங்க."

"ஐயய்யோ, தோலோட திங்கப் போறாங்களாம்!" என்றாள் நாத்தனார்.

அவரே கையை நீட்டி, வெற்றிலைத் தட்டிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து என்னிடம் தந்தார். உரித்தேன். இரண்டாக ஒடித்து உள்ளே பார்த்தேன். எல்லாரும் பார்க்கட்டும் என்றே பார்த்தேன். பிறகு தலையை நிமிர்த்திச் சொன்னேன்:

"ஆறு வயசுல எனக்கு இதுல மருந்த வச்சுக் குடுத்தாங்க. அன்னையிலருந்து பிசைஞ்ச பழம்னா கொமட்டும். எனக்குப் புடிக்காதது பழம். இவரப் புடிக்கும். ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க."

கடித்தேன். முதல் வாய் தொண்டையில் நின்றது. நானும் விடவில்லை. இரண்டாவது வாய்க்கு லேசான புளிப்பும் இனிப்பும் தெரிந்தது. அமிர்தம் என்று சொல்லமாட்டேன், சுமார்தான். ஆனால் கசக்கவில்லை. பாதியை முழுசாகத் தின்று, மறுபாதியை அவரிடம் நீட்டினேன். அதுவும் வழக்கமில்லை. அவர் வாங்கிக்கொண்டார்.

மாமியார் கையில் கிண்ணம் அப்படியே இருந்தது. "அப்ப இத என்ன பண்ணுறது?"

"அதுக்கு வேற ஆளப் பாருங்க அத்தை."

அவர் தன் அம்மாவின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, ஒட்டியிருந்ததுவரை வழித்துத் தின்றுவிட்டு, "இந்தாம்மா, அவ பங்கும் ஆச்சு" என்றார். அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். மீசையில் பால் ஒட்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. புதுப்பெண் சிரிக்கக் கூடாதாம். நான் சிரித்தேன்.