கூறைச் சேலைக்கு அளந்த வெளிச்சம்

கல்யாணத்துக்கு முந்திய வாரம் மாமனார் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் நடக்கும் கடைசி மகளின் கல்யாணத்தை இனி அவர் என் கமரா வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

“தம்பி, பிள்ளையின்ர முகம் வடிவாத் தெரியவேணும். வேறொண்டும் வேண்டாம்,” என்றார்.

“அதுக்கென்ன மாமா,” என்று பெரிய வித்துவான் மாதிரிச் சொல்லிவிட்டு வந்தேன். என்னிடம் இரண்டு லென்ஸ்கள் இருந்தன. ஒன்று அகலமானது, மற்றது தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுப்பது.

பூசை தொடங்குமுன் மனைவியை மணப்பெண் நிற்கும் இடத்தில் நிறுத்தினேன். தங்கையின் கல்யாணமென்று அவள் தன் கூறைச் சேலையைக் கட்டியிருந்தாள். கடுஞ்சிவப்பு. அகல லென்ஸோடு கிட்டப் போய், சேலையையே நடுவில் வைத்து வெளிச்சத்தை அளந்தேன்.

“இஞ்சருங்கோ, கெதியா முடியுங்கோ. ஆக்கள் பாத்துச் சிரிக்கினம்.”

பூசை தொடங்கியதும் பங்குச் சுவாமியார் என்னைக் கிட்டவே விடவில்லை. தூர லென்ஸை மாட்டி, தூணில் சாய்ந்துகொண்டு, பிலிம் முடியும்வரை எடுத்தேன்.

வெள்ளவத்தை வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போதுதான் உறைத்தது. லென்ஸை மாற்றிய பிறகு வெளிச்சம் அளக்கும் மீற்றரை நான் பார்க்கவேயில்லை! இந்த வகைக் கமராவில் நம் கண் பார்ப்பது தனி ஜன்னல் வழியாக. எந்த லென்ஸை மாட்டினாலும் ஜன்னலில் தெரியும் காட்சி மாறாது, படத்தில் விழும் பகுதியைக் காட்டும் கோட்டுச் சட்டம் மட்டும் சிறுக்கும்; அதனால்தான் மறந்துபோனேன். மீற்றரோ லென்ஸ் வழியாகப் பார்க்கும். அகல லென்ஸில் எட்ட நின்றால் பாதிக் கோயிலே அதற்குள் விழும். தூர லென்ஸில் மணப்பெண் மட்டும். மனைவியின் கடுஞ்சிவப்புக்கு அளந்ததை மணப்பெண்ணின் வெள்ளைச் சேலைக்குக் கொடுத்திருக்கிறேன். வெளிச்சம் மிதமிஞ்சிப் படமெல்லாம் வெளிறியிருக்கும். முகம் ஏன் வாடியிருக்கிறது என்று மனைவி கேட்டதற்குத் தலையிடி என்றேன்.

படங்கள் கழுவி வந்தபோது ஸ்டூடியோ வாசலிலேயே அவள் உறையைப் பிரித்தாள்.

“ஐயோ, தங்கச்சியின்ர சீலையில நான் இருந்து இருந்து தைச்ச கரை எங்கை?”

சேலை சுண்ணாம்பு அடித்த சுவராகியிருந்தது. ஆனால் முகம்! கண், மூக்குத்தி, கன்னத்து மச்சம் எல்லாம் அப்படியே இருந்தன. பிலிம் கூடின வெளிச்சத்தைப் பொறுக்கும், குறைந்ததைப் பொறுக்காது. நான் ஒழுங்காகத் திரும்ப அளந்திருந்தால் மீற்றர் அளக்கும் சின்ன வட்டத்தை வெள்ளைச் சேலை நிரப்பியிருக்கும். வெளிச்சம் தாராளம் என்று மீற்றர் சொல்லியிருக்கும், முகம் இருண்டிருக்கும். மறதி என் மானத்தைக் காப்பாற்றியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே நின்று சிரித்தேன், மனைவி முறைத்தாள்.

ஆஸ்பத்திரியில் மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“சீலை வெளிறிப்போச்சு அப்பா,” என்றாள் மனைவி.

“சீலையை ஆர் பாத்தது? நான் பக்கத்தில இல்லையெண்டு அழுதிருப்பாள் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு கிடந்தனான். இஞ்சை பார், சிரிச்சுக்கொண்டு நிக்கிறாள்.”

பிறகு, காலையிலிருந்து வேண்டாமென்று ஒதுக்கி வைத்திருந்த சாப்பாட்டை எடுத்துத் தரச் சொன்னார்.