மல்லிகா டீச்சர் கொடுத்த புத்தகமும் பீரோ மேல் வைத்த நானும்

பள்ளி விடுமுறைக்கு மேட்டுப்பாளையத்தில் தங்கை வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுப் பேத்தியோடு போத்தனூர் வந்து இறங்கினேன். எங்கள் வீதி முனையில் கரண்ட் கம்பத்தில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பார்க்காமலே நடந்தேன். ஒன்றாம் வகுப்பு முடித்திருக்கும் யாழினிதான் என் கையை உதறிவிட்டு அதன் முன்னால் போய் நின்றாள். "கண்ணீர்... அஞ்... ச... லி" என்று வாசித்தாள். அடுத்த வரியில் விரலை வைத்தாள். "மல்... லி... கா." அதற்கு மேல் வாசிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, "அப்பத்தா, நம்ம டீச்சருங்க" என்றாள்.

நான்கு நாட்களுக்கு முன்பு நெஞ்சுவலி வந்து இறந்துபோயிருக்கிறார். அடக்கமும் முடிந்துவிட்டது. ஏன் எனக்கு ஒரு போன் போடவில்லை என்று மருமகள் கவிதாவிடம் கோபித்துக்கொண்டேன். அவள் தலையைத் தூக்காமல், "உங்களுக்கும் அவங்களுக்கும்தான் ஆகாதுங்களே, அதான் சொல்லலீங்க அத்தை" என்றாள்.

மல்லிகா டீச்சரிடம் பிள்ளைகளை விட்ட வீதிக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனால் எங்கள் வீட்டுப் பெண்களில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான் என்ற கர்வம் எனக்கு எப்போதும் உண்டு. அந்தக் கர்வம் செய்த வேலையைத்தான் சொல்லப் போகிறேன்.

யாழினிக்கு நாலு வயது நடந்தபோது அவளை நம் வீதி அங்கன்வாடியில் விட்டோம். அவள் அங்கே விளையாடட்டும், எழுத்தை நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஒரு படச் சார்ட் வாங்கிச் சுவரில் ஒட்டினேன். விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை உருவி வைத்துக்கொண்டு, அ அம்மா, ஆ ஆடு என்று காலையும் மாலையும் சொல்லவைத்தேன். ஒரே மாதத்தில் குழந்தை சார்ட் முழுவதையும் ஒப்பித்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் யாழினியைக் கூப்பிட்டு ஒப்பிக்கச் சொல்வேன். நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். பாவம், தப்பிக்க முடியாமல் கேட்டிருக்கிறீர்கள்.

டீச்சர் ஒருநாள் குழந்தைகளின் எடைக் கணக்கு எழுத வீடு வீடாக வந்தார். அவரிடமும் ஒப்பிக்கச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, குழந்தையிடம் விளையாட்டுப்போலப் பேசிக்கொண்டே சார்ட்டில் ஆட்டின் படத்தைக் கையால் மூடினார். "இது என்ன சாமி?" என்றார். யாழினி எழுத்தைப் பார்த்தாள், டீச்சர் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டீச்சர் என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார்: "படத்தப் பார்த்துச் சொல்லுதுங்கம்மா. எழுத்து தெரிஞ்சா மட்டும் பத்தாதுங்க, அது எதுக்குன்னு தெரியோணும்." நான் சிரித்துக்கொண்டே அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். மனதுக்குள், நேற்று வந்தவள் எனக்குச் சொல்கிறாளா என்று நினைத்தேன். அவர் இந்த வீதிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது.

அடுத்து யாழினியின் காதுகுத்து. அவிநாசிக்கு அந்தப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் வைத்தோம். வாசலில் கட்டுகிற பேனரின் படம் ஒரு வாரம் முன்பே மகன் போனுக்கு வந்துவிட்டது. மேலே குழந்தையின் பெயர் பெரிதாக, அடுத்து காலமான என் வீட்டுக்காரர் பொன்னுசாமி பெயர், தெய்வத்திரு என்று முன்னால் போட்டு, அப்புறம் மகன், மருமகள், கடைசியில் தாய்மாமன் செந்தில். எனக்கு ஒரு யோசனை வந்தது. சபையில் குழந்தை பேனரைப் படித்தால் எப்படி இருக்கும்? ஒரு வாரம் போனை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வரிவரியாக விரலை வைத்து மனப்பாடம் செய்யவைத்தேன்.

மடியில் உட்காரவைத்துக் காது குத்துகிற தாய்மாமனைக் கடைசியில் போடலாமா என்று சம்பந்தி வீட்டில் கேட்டிருக்கிறார்கள். நியாயந்தானே. காதுகுத்துக்கு முதல் நாள் மகன் வரிகளை மாற்றிப் புதிதாக அச்சடித்துவிட்டான். மாமனை இரண்டாவது வரிக்குக் கொண்டுவந்தாகிவிட்டது. என்னிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எதற்குத் தோன்ற வேண்டும்? பேனர் வாசலிலேயே நிற்கிறது, எனக்குத்தான் படிக்கத் தெரியுமே.

நானும் பேனரைப் பார்த்தேன். பார்த்தேனே ஒழியப் படிக்கவில்லை. எனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அதில் பார்த்தேன். குழந்தையை நாற்காலி மேல் ஏற்றி, எல்லோரையும் கூப்பிட்டு, "வாசி கண்ணு" என்றேன். முதல் வரி சரி. இரண்டாவது வரியில் செந்தில் பெயர்மேல் விரலை வைத்து, கணீரென்று, "தெய்வத்திரு பொன்னுசாமி" என்றாள்.

உயிரோடு பக்கத்தில் பட்டு வேட்டியோடு நின்ற மாமனைத்தான் சொல்கிறாள் என்று கூட்டம் எடுத்துக்கொண்டது. யாரோ ஒருவர், "மாமன இன்னைக்கே சாமியாக்கிப்போட்டாளே அம்மணி" என்றார். சிரிப்பு வெடித்தது. செந்திலின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நல்ல காரியத்தில் மகனைப் பற்றி வந்த சொல் அது. குழந்தைக்கு என்ன தப்பு என்றே புரியாமல் உதடு பிதுங்கியது.

அப்போது நான் சொன்னது உங்களில் பலர் காதில் விழுந்தது. "அங்கன்வாடியில சொல்லிக் குடுத்தது அவ்வளவுதானுங்க. முட்டை வேகவெக்கறதத் தவிர அந்த டீச்சருக்கு என்ன தெரியும்?" என்றேன். மல்லிகா டீச்சர் நாலடி தூரத்தில் நின்றிருந்தார், குழந்தைக்கு வாங்கிய சில்வர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு. நான் அவரைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்.

அவர் நேராக அழுகிற குழந்தையிடம் வந்து, "யாழினி, உன்ற பேரு எங்க சாமி இருக்குது? மாமனுக்குக் காட்டு" என்றார். யாழினி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, தயங்காமல், பெரிய எழுத்தில் இருந்த தன் பெயரைத் தொட்டாள். "எப்படித் தெரியும்?" என்று செந்தில் கேட்டான். "என்ற டம்ளர்ல இருக்குதுங்க மாமா" என்றாள். அங்கன்வாடியில் ஒவ்வொரு பிள்ளையின் டம்ளரிலும் காலண்டர் அட்டையை வெட்டிப் பெயர் எழுதிக் கட்டியிருப்பார் டீச்சர். பெயரைக் கண்டுபிடித்தால்தான் தண்ணீர் குடிக்கலாம். யாழினி உண்மையில் வாசித்த ஒரே சொல் டீச்சர் சொல்லிக்கொடுத்தது. கூட்டம் கை தட்டியது. அந்தக் கைதட்டலையும் நானே வாங்கிக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? வீதிக் குழாயடியிலும் ரேஷன் வரிசையிலும் அங்கன்வாடிக்கு அனுப்பினால் பிள்ளைகள் தூங்கிவிட்டுத்தான் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யாழினியை வேன் வருகிற நர்சரியில் சேர்த்தோம். என் பேச்சைக் கேட்டு நீங்களும் சிலர் மாற்றினீர்கள். பதினான்கு பிள்ளைகள் இருந்த இடத்தில் ஐந்து பேர் மிஞ்சினார்கள். டீச்சர் எங்கேயும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

நர்சரியில் தினமும் இரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள். மூன்றாவது மாதத்தில் யாழினி நோட்டைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். இது டீச்சர் காதுக்கு எப்படிப் போனதோ தெரியாது. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். பெரிய எழுத்தில், பக்கத்துக்கு ஒரு வரியோடு இருக்கும் மெல்லிய கதைப் புத்தகம் ஒன்றை என் கையில் கொடுத்தார். "எழுதச் சொல்லாதீங்கம்மா. தினமும் மடியில உக்காரவெச்சு, விரல வெச்சு, நீங்க வாசிச்சுக் காட்டுங்க, போதும்" என்றார்.

கண்ணாடி இல்லை என்றேன். நான் எப்போதும் சொல்வது அதுதான். அங்கன்வாடிக்குப் பேரணி, தடுப்பூசி என்று நோட்டீஸ் வந்து அவர் என்னிடம் நீட்டும்போதெல்லாம் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்பேன். அவரே வாசித்துச் சொல்லிவிடுவார். ஐந்தாம் வகுப்போடு நின்று ஐம்பது வருடம் ஆகிவிட்டது. எனக்கு எழுத்து தெரியும், ஆனால் ஒரு வரியை ஓட்டமாக வாசிக்க வராது. இது என் மகனுக்குக்கூடத் தெரியாது. டீச்சருக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்குக் கவிதா அடுப்படியில் இருந்தாள். அவளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தடுக்கித் தடுக்கி வாசிச்சா இன்னும் நல்லதுங்கம்மா. அப்பத்தான் குழந்தை கூடவே வரும்."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. என் குறையைக் கண்டுபிடித்துவிட்டாள், நாளைக்கு வீதியெல்லாம் சொல்வாள் என்று நினைத்தேன். என்னைப்போலவே அவரையும் நினைத்தேன். அவர் போனதும் புத்தகத்தை பீரோ மேல் தூக்கி வைத்தேன்.

ஐந்து மாதம் அது அங்கேயே இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் இருந்த ஒரு மத்தியானம், மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். "டீச்சர் புக்கு வேணும்" என்று அடம்பிடித்தாள். வேறு யாரும் இல்லை என்ற தைரியத்தில் ஸ்டூல் போட்டு எடுத்து, தூசி தட்டி, மடியில் விரித்தேன். ஒவ்வோர் எழுத்தாகத் தடுக்கினேன். நான் நின்ற இடத்தில் அவளும் நின்றாள். ஒரு சொல்லில் நான் ரொம்ப நேரம் மாட்டிக்கொண்டபோது, "பூனைங்க அப்பத்தா" என்றாள். படத்தில் பூனை இல்லை, மூடிய கூடை ஒன்றுதான் இருந்தது. எழுத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் அவள் தலைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

அன்றிலிருந்து தினமும் வாசித்தோம். கடுகு டப்பா, தீப்பெட்டி, கடைப் பலகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் அவள் வாசிக்க ஆரம்பித்தாள். வீதியில் கேட்டவர்களிடம் நானே சொல்லிக்கொடுத்தேன் என்றேன். டீச்சர் பெயரைச் சொல்லவில்லை.

கடைசியாக அவரைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். வந்த பஸ்ஸின் பலகையை யாழினி, "போத்... த... னூர்" என்று வாசித்துக்காட்டினாள். டீச்சர் கண் நிறைந்துபோனது. என்னைப் பார்த்து, "வாசிச்சுக் காட்டறீங்களாட்ட இருக்குதுங்கம்மா" என்றார். ஆமாம் டீச்சர் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "எங்கீங்க, அவளாவே படிச்சுக்கறா" என்றேன். அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். அவர் போக வேண்டிய பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்ததும் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்ததாக இப்போது எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நான் நினைக்கவில்லை.

ஆகவே வீதிக்காரர்களே, அங்கன்வாடியைப் பற்றியும் டீச்சரைப் பற்றியும் நான் உங்களிடம் சொன்னது எதுவும் உண்மையில்லை. என் பேத்தி வாசிப்பது அவரால்தான். இதை அவர் காதில் விழச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடி வாசலில் டீச்சர் படத்துக்கு மாலை போடுகிறோம் என்று சொன்னார்கள். அங்கே இதை நானே எழுந்து நின்று வாசிப்பேன். ராத்திரி ராத்திரியாக எழுத்துக்கூட்டி நான் எழுதியதைக் கவிதா பார்த்துவிட்டு, தான் வாசிப்பதாகச் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வருவேன். தடுக்கும், நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாழினி நிற்பாள். டீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அங்கன்வாடியில் யாழினி டம்ளரில் கட்டியிருந்த அந்தக் காலண்டர் அட்டையும், தடுக்கினால் பரவாயில்லை என்ற அந்தத் தாழ்ந்த குரலும்தான். நான் எங்கே நின்றாலும் அங்கிருந்து குழந்தை எடுத்துக்கொள்வாள்.