தேய்ந்துபோன புது மிஷின்

எண்பதுகளின் நடுவில், கீழ்பென்னாத்தூர் சாலையில் இருந்த ஒரு மல்லாட்டை மில்லில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. அதை உடைத்து, தோலை நீக்கி, பருப்பைத் தரம் பிரித்து எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்புவது மில்லின் வேலை. முதலாளிக்கு இரண்டு விரோதிகள். ஒன்று மின்வெட்டு, இன்னொன்று வருமான வரி. கரண்ட் போனால் வாசலில் நின்று வாய்விட்டுத் திட்டுவார். வரியை அப்படித் திட்ட முடியாது என்பதால் அதற்கென்று ஒரு ஆடிட்டர் வைத்திருந்தார்.

பொங்கல் கழிந்ததும் அந்த ஆடிட்டர் ஒரு அரசாணை நகலோடு வந்தார். விவசாயக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கிற எந்திரத்தை வாங்கினால் அரசாங்கம் மானியம் தருமாம். அது போக, எந்திரத்தின் விலை முழுவதையும் வாங்கின வருஷமே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாமாம். அந்த அளவு லாபத்துக்கு வரி கிடையாது.

"தேய்மானம்னா இன்னாங்க அர்த்தம்?" என்றார் முதலாளி.

"மிஷின் மொத வருஷமே முழுசா தேஞ்சிபோச்சினு எழுதிக்கலாம். கவர்மெண்டே ஒத்துக்கும்."

"தேஞ்சிபோன மிஷின் எப்படிங்க ஓடும்?"

"ஓடணும். மார்ச் முடியறதுக்குள்ள ஓடியே ஆகணும். ஓடினாத்தான் தேஞ்சதா கணக்கு."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டரைப் பார்த்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து லாரியில் மிஷின் வந்து இறங்கியது. ஆளுயரத்துக்கும் மேலே ஒரு இரும்புப் பீப்பாய், அதிலிருந்து வளைந்து நெளிந்து போகும் குழாய்கள், கடைசியில் டீசல் என்ஜினும் டைனமோவும். பீப்பாயில் மல்லாட்டைத் தோலைப் போட்டு, காற்றை மட்டாக விட்டு எரித்தால் வரும் புகைதான் எரிவாயு. அதைக் கழுவி என்ஜினுக்கு அனுப்பினால் டீசல் கொஞ்சம் போதும். சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பூஜை எல்லாம் முடிந்த பிறகுதான், பீப்பாய்க்குள் காற்று ஊதும் மோட்டார் கரண்டில் ஓடுவது என்று தெரிந்தது. கரண்ட் இல்லாத நேரத்துக்கென்று வாங்கிய மிஷினைத் தொடங்கி வைக்கவே கரண்ட் வேண்டும். முதலாளி அசரவில்லை. கொல்லுப்பட்டறையிலிருந்து கையால் சுற்றும் ஊதுசக்கரம் ஒன்றை வாங்கி வந்து மாட்டினார்.

அடுத்த சிக்கல் தீனி. அதுவரை தோலை யாரும் பொருளாகவே மதித்ததில்லை. பருப்புப் பொறுக்கும் பெண்கள் சாயங்காலம் ஆளுக்கொரு சாக்கில் அடைத்து அடுப்பெரிக்க எடுத்துப் போவார்கள். குப்பை காலியானால் சரி என்று முதலாளியும் சந்தோஷப்படுவார். இப்போது என்னைக் கூப்பிட்டு ஒரு அறிவிப்பு டைப் அடிக்கச் சொன்னார். தோல் இனி மில்லின் மூலப்பொருள், யாரும் வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று. அதைப் பெண்கள் உட்கார்ந்து பருப்புப் பொறுக்கும் கொட்டகை வாசலில் ஒட்டினேன்.

அந்தப் பெண்களை வேலைக்குச் சேர்ப்பது, அவர்களுக்குக் கூலி பேசுவது எல்லாம் ஒரு அம்மாதான். மேஸ்திரியம்மா என்போம். நாற்பது வயதிருக்கும். குரல் மில் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

"இன்னா எழுதிக்கீது பாப்பா?" என்றார். படித்துக் காட்டினேன்.

"மூலப்பொருள்னா?"

"மிஷினுக்குத் தீனி, மேஸ்திரிம்மா."

உள்ளேயிருந்து முதலாளி குரல் கொடுத்தார். "கவர்மெண்டு திட்டம்மா இது. நாட்டுக்கு நல்லது."

"நாட்டுக்கு நல்லதா இருக்கட்டும் மொதலாளி. எங்க ஊட்டு ஒலை எதுல கொதிக்கும்? அதுக்கு எதனா திட்டம் கீதானு கேட்டுச் சொல்லுங்க."

மறுநாள் கொட்டகை காலி. பெண்கள் எல்லாரும் அடுத்த மில்லுக்குப் போய்விட்டார்கள். பொறுக்க ஆளில்லாததால் மல்லாட்டையை உடைக்கவில்லை. உடைக்காததால் தோலும் விழவில்லை. இருந்த குவியலை மிஷின் சோதனை ஓட்டத்திலேயே தின்று தீர்த்தது. முதலாளி தன் கொல்லையில் மண்டிக் கிடந்த வேலிக்காத்தான் முள்மரத்தை வெட்டித் துண்டு போட்டுப் பீப்பாயில் கொட்டினார். சொன்னால் நம்ப வேண்டும், மிஷின் அருமையாக ஓடியது.

மார்ச் கடைசியில், மானியத்துக்கும் வரிச் சலுகைக்கும் சான்று தருவதற்காக வேலூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"இது இன்னாங்க?"

"வேலிக்காத்தான் கட்டைங்க சார்."

"ஆர்டர்ல விவசாயக் கழிவுனு போட்டிருக்கு. வேலிக்காத்தானை யாரும் விவசாயம் பண்றதில்லியே?"

"கழிவுதானே சார்?"

"கழிவுதான். விவசாயம் இல்ல."

இதற்கு மேல் வாதாட இடமில்லை. கோயிலுக்குப் போய் தரிசனம் முடித்துக்கொண்டு சாயங்காலம் திரும்பி வருவதாகவும், அப்போது பீப்பாயில் தோல் இருந்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

"பொம்பளைங்ககிட்ட நீ பேசும்மா" என்று முதலாளி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார். மேஸ்திரியம்மா வீட்டுத் தாழ்வாரத்தில் தோல் சாக்குகள் சுவரோடு சுவராக அடுக்கியிருந்தன. எல்லாம் எங்கள் மில் தோல்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"இன்னா மொதலாளி, மூலப்பொருள் வாங்க வந்தீங்களா?"

முதலாளி சிரிக்க முயன்றார். "இன்னிக்கு மட்டும் கொஞ்சம் குடும்மா."

"தரேன். வேலைக்கும் வரோம். ஆனா தோலு எப்பவும் போல எங்களுக்கு. அப்புறம் அந்த மிஷின் கரண்டுல மொத பல்பு எங்க கொட்டாயில எரியணும். கரண்டு போனா இருட்டுல சொத்தைப் பருப்பு எது, நல்ல பருப்பு எதுனு தெரியாம கண்ணு அவிஞ்சிபோவுது."

முதலாளி அப்படியே ஆகட்டும் என்றார். ஒப்பந்தம் வாய்வார்த்தையிலேயே முடிந்தது. சாக்குகளைக் காரின் டிக்கியிலும் பின் சீட்டிலும் அடைத்து, நடுவில் நான் உட்கார்ந்து வந்தேன்.

சாயங்காலம் பெண்கள் கொட்டகையில் கூடினார்கள். ஊதுசக்கரத்தை முதலாளியே சுற்றினார். என்ஜின் இருமியது, புகைந்தது, பிறகு சீராகப் பிடித்துக்கொண்டது. கொட்டகை பல்பு மஞ்சளாக மினுங்கி, மெல்ல வெளுத்து எரிந்தது. பெண்கள் ஓவென்று கூச்சல் போட்டார்கள். அதிகாரி நெற்றியில் விபூதியோடு பீப்பாயைப் பார்த்தார். மேலாக மல்லாட்டைத் தோல் இருந்தது. அடியில் என்ன என்று அவர் கேட்கவில்லை. அந்த வெளிச்சத்திலேயே கையெழுத்துப் போட்டார். முதலாளி உடம்பெல்லாம் கரி. அவர் சான்றைப் பார்க்கவே இல்லை, பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வரியைக் குறைக்க வாங்கிய மிஷின்மேல் அந்த மனிதருக்கு ஆசை வந்துவிட்டது. அதற்குக் கூரை போட்டார். குழாயில் படியும் தாரைத் தானே சுரண்டினார். தோல் பெண்களுக்குப் போனதால், மிஷினுக்காகக் கொல்லையில் வேலிக்காத்தானைத் தண்ணீர் விட்டு வளர்த்தார். அப்படி வளர்த்தால் அதுவும் விவசாயம்தானே என்று என்னிடம் நியாயம் கேட்டார். மிச்சம் பிடித்த வரியெல்லாம் ரிப்பேருக்கே போவதைக் கண்டு ஆடிட்டர் தலையில் அடித்துக்கொண்டார். "கணக்குல அது தேஞ்சிபோன மிஷினுங்க. அதுக்குப் போயி செலவு பண்றீங்களே!"

"கணக்குக்குத் தேஞ்சிருக்கும். எனக்கு ஓடுதே" என்றார் முதலாளி.

நான் கல்யாணமாகி வேலையை விடுகிற வரை அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. மானியம் மட்டும் வரவில்லை. மிஷின் இன்னும் இயங்குகிறதா என்று கேட்டு வேலூரிலிருந்து அவ்வப்போது கடிதம் வரும். இயங்குகிறது என்று நான் பதில் அடிப்பேன். நான் வேலையை விட்ட வருஷம் ஆடிட்டர் புதிதாக ஒரு அரசாணையோடு வந்தார். இந்தத் தடவை காற்றாலைக்குச் சலுகையாம், அதுவும் முதல் வருஷமே முழுசாகத் தேய்ந்துவிடுமாம்.

முதலாளி கையில் ஒட்டியிருந்த தாரைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். "மொதல்ல அந்தக் காத்தை யாரு சாக்குல புடிச்சி ஊட்டுக்கு எடுத்துனு போறாங்கனு விசாரிச்சிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."