எஸ்கேப்பைத் தேடும் சுண்டுவிரல்

போன வாரம் வைஷ்ணவி கேட்டாள்: "அண்ணா, அத ஏன் தொரத்திக்கிட்டே இருக்கீங்க?"

வைஷ்ணவி எங்கள் கம்பெனியின் கோயம்புத்தூர் ஆபீசில் இருக்கும் பெண். நான் கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டு மாடியறையில் இருந்தபடியே வேலை பார்க்கிறவன். என் திரையை அவளுக்குக் காட்டிக்கொண்டே நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம், உங்களுக்கே தெரியுமே, நாம் பாதி வரி எழுதுவதற்குள் மீதி வரியை மெஷினே சாம்பல் நிறத்தில் எழுதிக் காட்டிவிடுகிறது. சரியென்றால் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், வேண்டாமென்றால் எஸ்கேப். என் திரையில் அந்தச் சாம்பல் வரி வருவதும், வந்த வேகத்தில் காணாமல் போவதுமாக இருந்திருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை. குனிந்து பார்த்தால், இடது கைச் சுண்டுவிரல் எஸ்கேப் பொத்தானைத் தட்டிக்கொண்டிருக்கிறது. வரி முடிந்தால் ஒரு தட்டு, யோசனை வந்தால் ஒரு தட்டு, ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு தட்டு.

"பழக்கம்மா" என்றேன். அதன் பிறகு அந்த விரலைச் சும்மா வைத்துக்கொள்ள முடியவில்லை. விரலைப் பிடித்து நிறுத்தினால் கால் ஆடுகிறது. காலை நிறுத்தினால் எழுந்து நடக்கிறேன். நடந்தால் கொப்பரை வாசனை வருகிறது. பக்கத்துத் தோட்டத்தில் தேங்காய் உடைத்துக் காயப் போட்டிருக்கிறார்கள் என்பது ஒரு காரணம்தான். கொப்பரை வாசனை வந்தால் எனக்குக் கோபாலபுரம் ரோட்டு மாடி ஞாபகம் வந்துவிடும். அந்த ரோட்டுக்கு வந்துவிட்டால் அப்புறம் நான் லேசில் திரும்ப மாட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழே தேங்காய் மண்டி, மேலே எங்கள் கடை. அதைக் கம்பெனி என்று சொன்னவர் முதலாளி சிவகாமி அக்கா ஒருவர்தான். நாங்கள் கடை என்றுதான் சொல்லுவோம். பால் சொசைட்டிக்கும் மண்டிக்கும் ஏலக்காய் வியாபாரிக்கும் பில் போடுகிற சாஃப்ட்வேர் எழுதித் தருவது தொழில். செக்போஸ்ட்டில் லாரிகள் நிற்கிற வரிசை எங்கள் ஜன்னல் வரை வரும். ஹாரன் சத்தத்தில் போன் பேச முடியாது. அக்கா ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசுவார், அப்போது கொப்பரை நெடி உள்ளேயே தங்கிவிடும்.

அங்கே நான், செல்வின், நல்லசாமி என்று மூன்று பேர். நான் படிப்பை முடிக்காதவன். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்து அப்படியே உட்கார்ந்துகொண்டவன். எனக்குத் தெரிந்த தொழிலில் பாதி செல்வினிடமிருந்து வந்தது, பாதி நல்லுவிடமிருந்து வந்தது. சொந்தச் சரக்கு என்று பார்த்தால் பேச்சு மட்டும்தான்.

செல்வின் பீர்மேட்டுக்காரன். தேயிலை எஸ்டேட் கூலி லயத்தில் வளர்ந்தவன். எஸ்டேட் ஆபீசில் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டர் அவனுக்குக் கிடைத்திருக்கிறது, மவுஸ் இல்லாமல். அதில் அவன் கற்றுக்கொண்டது விம். நிரல் எழுதுகிற கருவிகளில் அது ஒரு தினுசு. திறந்தவுடன் எழுத முடியாது, எழுத்துப் பொத்தான்கள் எல்லாம் அப்போது கட்டளைகள். ஒன்றைத் தட்டினால் வரி அழியும், ஒன்றைத் தட்டினால் குதிக்கும். எழுதுவதற்கென்று ஒரு பொத்தானைத் தட்டி உள்ளே போக வேண்டும், எழுதி முடித்ததும் எஸ்கேப்பைத் தட்டி வெளியே வர வேண்டும். செல்வினின் கை விசைப்பலகையைவிட்டு எழும்பியதை நான் பார்த்ததில்லை. அவனுடைய எஸ்கேப் பொத்தானில் எழுத்து தேய்ந்து வெறும் வழவழப்பு.

நல்லசாமி வடகரப்பதிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை. அவனுடையது எமாக்ஸ். இரண்டு மூன்று பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினால்தான் அதில் எதுவும் நடக்கும், ஆனால் நடக்காதது எதுவுமில்லை. போர்வெல் மோட்டார் ஓட்டுகிற முறை, தேங்காய் வெட்டுகிற நாள், வீட்டு மாட்டுக்கு ஊசி போட்ட தேதி எல்லாவற்றையும் நல்லு அதற்குள்ளேயே வைத்திருந்தான். காலையில் வந்து திறந்தால் சாயங்காலம்தான் மூடுவான்.

"அது எடிட்டர் இல்லல, சந்தைக் கட" என்பான் செல்வின்.

"இருக்கட்டுங்க. உங்குளுது கோயல் நடை மாதிரி. மணியடிச்சாத்தான் உள்ள போகோணும், மணியடிச்சாத்தான் வெளிய வரோணும்" என்பான் நல்லு. திட்டும்போதும் 'ங்க' போடாமல் அவனுக்குத் திட்ட வராது. "நீங்க ஒரு கிறுக்கனுங்க" என்று அவன் சொன்னால் வாழ்த்துகிற மாதிரியே இருக்கும்.

எனக்கு மவுஸ்தான். அதனால் நான் இருவருக்குமே எலி பிடிக்கிறவன். ஆனால் என்னைத் தன் பக்கம் இழுக்க இருவரும் பட்ட பாடு இருக்கிறதே! செல்வின் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து ஐந்து கட்டளை சொல்லித் தருவான். நல்லு வீட்டிலிருந்து கொண்டுவந்த இளநீரை வெட்டிக் கொடுத்து அவனுடையதைக் காட்டுவான். நான் இரண்டையும் குடித்துவிட்டு மவுஸைப் பிடித்துக்கொள்வேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் போடிமெட்டிலிருந்து ஜெபமணி அண்ணாச்சியின் போன் வந்தது. ஏலக்காய் வியாபாரி. அப்போதெல்லாம் பில்லைப் பார்க்காமல் செக்போஸ்ட்டில் சரக்கை விடமாட்டார்கள். அண்ணாச்சியின் பில்லில் மூட்டை எண்ணிக்கை வர வேண்டிய கட்டத்தில் கிலோ வந்திருக்கிறது, கிலோ வர வேண்டிய கட்டத்தில் விலை. ஜீப்பை ஓரங்கட்டிவிட்டார்கள்.

"ஏ தாயி, ஒங்க கம்ப்யூட்டருக்கு என் மேல என்ன கோவம்?" என்று அவர் அக்காவிடம் கேட்டது எங்களுக்கே கேட்டது. கூடவே இன்னொன்றும் சொன்னார். இரண்டு நாளில் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

நடந்தது இதுதான். பில் எப்படி அச்சாக வேண்டும் என்று சொல்கிற கோப்பை எழுதியவன் செல்வின். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அளந்து வெற்றிடம் விட்டு, அடுத்த விஷயம் எந்தக் கட்டத்தில் விழ வேண்டும் என்று நிறுத்தியிருந்தான். அண்ணாச்சியின் போன் நம்பர் மாறியதால் நல்லு அந்தக் கோப்பைத் திறந்து நம்பரை மட்டும் மாற்றிச் சேமித்தான். அவனுடைய எமாக்ஸுக்கு அவன் ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்திருந்தான்: சேமிக்கும்போது வரிக் கடைசியில் வீணாகக் கிடக்கிற வெற்றிடத்தை எல்லாம் கூட்டித் தள்ளிவிடு. அது கூட்டித் தள்ளிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை செல்வின் வைத்தான், கண்ணுக்குத் தெரியாமல் எமாக்ஸ் எடுத்துவிட்டது.

"வெறும் எடத்த நம்பி எவனாச்சும் பில்லு போடுவானுங்களா?" என்றான் நல்லு.

"எவன் கோப்புக்குள்ளல வெளக்கமாத்தோட வந்த?"

அக்கா இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார். "போதுஞ் சாமி. இனி இந்தக் கடையில ஒரே எடிட்டர்தான். எதுன்னு எனக்குத் தெரியாது." என் பக்கம் திரும்பினார். "கண்ணு, நீ பொதுவான ஆளு. மூணு பேரும் போயி சரி பண்ணிட்டு வாங்க. திங்கக்கெழம வந்து எதுன்னு நீ சொல்லு."

அக்கா அண்ணாச்சிக்குப் போன் போடப் போனார்.

"என்றதத் தூக்கச் சொன்னா நான் தோப்புக்குப் போயிர்றனுங்க" என்றான் நல்லு என்னிடம், சாதாரணமாக.

"எனக்குத் தோப்புமில்ல, தொரவுமில்ல. ஆனா நானும் போயிருவேன்" என்றான் செல்வின்.

இருவரும் சொன்னால் செய்கிறவர்கள். யார் போனாலும் என் கையில் பாதித் தொழில்தான் மிஞ்சும் என்று நினைத்தேன். அது பொய். தொழிலைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அந்த மாடியில் ஒருவன் மட்டும் உட்கார்ந்து, பதில் சொல்ல எதிரில் ஆளில்லாமல் தட்டிக்கொண்டிருப்பதை நினைத்தேன்.

மறுநாள் கேரளாவில் ஹர்த்தால், பஸ் ஓடாது. எல்லையில் இருப்பதில் ஒரு சௌகரியம், நமக்கு எப்போதும் இன்னொரு பக்கம் இருக்கிறது. கோபாலபுரம் செக்போஸ்ட்டை நடந்தே தாண்டி, பொள்ளாச்சி பஸ் பிடித்து, பழனி, தேனி என்று போனோம். பழனி வரை சண்டை ஓயவில்லை. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் திரும்பினார்.

"சொத்துத் தகராறாப்பா?"

"ஆமா ஆச்சி. காலி எடத்துக்குத்தான்" என்றான் செல்வின்.

"பட்டா யாரு பேருல இருக்கு?"

நல்லு உட்பட மூவரும் சிரித்தோம். அந்த அம்மாள் எங்களை அறவே வெறுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

போடியிலிருந்து மலை ஏறும்போது நல்லுவின் முகம் வெளுத்தது. சமவெளிக்காரன், வளைவு ஆகாது. செல்வின் எழுந்து அவனை ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார வைத்து, சட்டைப் பையிலிருந்து ஏலக்காயை எடுத்து அவன் வாயில் போட்டான். "கண்ண மூடாதல. தூரத்துல பாரு. நான் புடிச்சிருக்கேன்." மெட்டு வரும்வரை அவன் நெற்றியில் வைத்த கையை எடுக்கவில்லை. நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். எதையாவது எண்ணலாமென்றால் வளைவுகள்கூட மனதில் நிற்கவில்லை. திங்கட்கிழமை மட்டும் நின்றது.

அண்ணாச்சியின் கடையில் மூட்டைகளுக்கு நடுவே கம்ப்யூட்டர். அங்கே இருந்தது விம் மட்டும், அதனால் செல்வின் உட்கார்ந்தான். இரண்டு வரி எழுதினான். கை அந்தரத்தில் நின்றது. விசைப்பலகையில் எஸ்கேப் பொத்தான் இல்லை. ஒரு மூட்டை விழுந்து பெயர்ந்துபோயிருந்தது, அந்த இடத்தில் ஒரு குழி. செல்வின் குழிக்குள் விரலைவிட்டுக் குத்தினான். பேனாவை விட்டுக் குத்தினான். உள்ளே போனவனுக்கு வெளியே வரத் தெரியவில்லை.

"என்னடே, பல்லுல சிக்குன மாதிரி நோண்டுத?" என்றார் அண்ணாச்சி.

மூட்டைமேல் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த நல்லு, கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "கன்ட்ரோலும் எடதுபக்க சதுர அடைப்புக்குறியும் சேத்தி அமுக்குங்க. அதுவும் எஸ்கேப்புதான்."

செல்வின் அமுக்கினான். வெளியே வந்தது. அவன் திரையைப் பார்க்கவில்லை, நல்லுவைப் பார்த்தான்.

"ஒனக்கு எப்படில தெரியும்?"

"எதிராளி ஊட்டு வாசப்படி எங்க இருக்குதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கறதுதானுங்க."

வரிக் கடைசியில் வெற்றிடம் முடிகிற இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அச்சில் அது வராமல் செய்து, இனி எந்த விளக்குமாறும் வெற்றிடத்தைத் தொட முடியாதபடி செல்வின் செய்து முடித்தான். பில் சரியாக வந்தது. அண்ணாச்சி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மகளை அழைப்பது போல ஜீப்புக்காரரை அழைத்தார்.

திங்கட்கிழமை அக்கா கேட்டார். நான் விம் என்றேன்.

ஏன் என்று அக்கா கேட்கவில்லை. கேட்டிருந்தால், இரண்டு வாசலும் தெரிந்தவன் நல்லு ஒருவன்தான், அவன்தான் வளைவான் என்று நம்பினேன் என்று சொல்லியிருப்பேனா, தெரியாது. நல்லு "செரிங்க" என்றான். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். கீழே மண்டியில் தேங்காய் எண்ணுகிற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்று அவன் திரும்பவில்லை. நான் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தேன். செல்வின் ஒரு வரிகூட எழுதவில்லை, வெறுமனே எஸ்கேப்பைத் தட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மத்தியானம் நல்லு வந்தான். யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தான், தட்ட ஆரம்பித்தான். உள்ளே போனான், எழுதினான், எஸ்கேப்பைத் தட்டி வெளியே வந்தான். அப்படியே விம். அக்கா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் இவ்வளவு ரகளையா?" என்று சொல்லிப் போனார்.

செல்வின் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவன் பின்னால் போனான். திரையின் அடியில் ஓடுகிற பட்டையைப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஏல! இது எமாக்ஸ்ல!"

"சத்தம் போடாதீங்க. வேசங்கட்டியிருக்குது."

ஒரு நாள் முழுக்கத் தோப்பில் உட்கார்ந்து, தன் எமாக்ஸ் விம் போலவே நடந்துகொள்ளும்படி செய்திருக்கிறான். பொத்தானெல்லாம் செல்வினுடையது, வீடு அவனுடையது. மோட்டார் முறையும் மாட்டு ஊசியும் உள்ளே பத்திரமாக இருந்தன. அக்காவிடம் செல்வின் சொல்லிவிடுவானோ என்று நான் பாதி எழுந்துவிட்டேன். அவன் குனிந்து, "வரிக்கு நம்பர் போடாம இருக்கு பாரு, வேசம் கலைஞ்சிரும்" என்று அதையும் போட்டுக் கொடுத்தான். பிறகு சண்டை முன்னைவிடப் பலமாக நடந்தது, கிசுகிசுக் குரலில். நான் மவுஸை விட்டதும் அப்போதுதான். நல்லுவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செல்வினின் கட்டளைகளைக் கற்றேன். இந்தச் சுண்டுவிரல் யாருடைய சிஷ்யன் என்று எனக்கே சொல்லத் தெரியாது.

இப்போது அந்த மாடியில் செல்போன் உறை விற்கிறார்கள். அக்கா மகள் வீட்டோடு போய்விட்டார். பில் எல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது, கட்டமும் கிடையாது, கட்டம் மாறுவதும் கிடையாது. செல்வின் பெங்களூரில் இருக்கிறான். நல்லு தோப்போடு இருந்துகொண்டே யாருக்கோ எழுதித் தருகிறான்.

வைஷ்ணவி கேட்ட அன்று, மூன்று பேர் மட்டும் இருக்கிற எங்கள் வாட்சாப் குழுவில் கேட்டேன்: இப்ப எதுல எழுதறீங்க?

செல்வின் ஒரு பெயரைப் போட்டான். நல்லுவும் போட்டான். ஒரே பெயர். தானே எழுதிக் காட்டுகிற அதே புதுக் கருவி, என்னிடமும் இருப்பதுதான். அத்தனை வருஷத்தில் இருவரும் ஒரே பதில் சொன்னது அன்றுதான் முதல்முறை. என்னால் உட்கார முடியவில்லை. மொட்டைமாடிக்குப் போனேன், இறங்கினேன், மறுபடி போனேன். பிறகு சண்டைக்கு இழுக்கப் பொய்யாக ஒன்று அடித்து அனுப்பினேன்: "நான் எமாக்ஸுக்கு மாறிட்டேன். விம்மெல்லாம் ஒரு எடிட்டரா?"

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். சுண்டுவிரல் போனின் விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நல்லு ஒரு கட்டைவிரலைப் போட்டான். செல்வினும் அதையே போட்டான்.